எண்ணும் பேரும்: கண்டிச் சீமையில் அயல்மொழி எண்களைக் கற்றல்

ஒரு மொழியின் எண்ணுப்பெயர்களை, அதாவது ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கையைச் சுட்டும் சொற்களை, வரிசை பிறழாமல் ஒப்புவிப்பதற்கும் அவற்றைக் கொண்டு விலை பேசி, கூலி சரிபார்த்து, நேரம் சொல்லி வாழ்வதற்கும் இடையிலான தூரம், மொழிப் பாடநூல்கள் கருதுவதைவிட மிக அதிகம். பத்துச் சொற்களை ஒரு பிற்பகலில் மனனம் செய்துவிடலாம். அச்சொற்கள் பெயர்ச்சொல்லோடு சேரும்போதும், மனிதரை எண்ணும்போதும், அரையும் காலுமாக உடையும்போதும் கொள்ளும் உருவங்களைக் கைக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகின்றன. கண்டி நகரமும் அதைச் சூழ்ந்த பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டை, புசல்லாவை, மடுல்கலை முதலிய இடங்களும் இந்த வினாவை ஆராய்வதற்கு மிகவும் ஏற்ற களமாகும். மாவட்ட மக்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் சிங்களவராகவும், எஞ்சியோரில் பெரும்பாலார் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களாகவும் மலையகத் தமிழராகவும் இலங்கைத் தமிழராகவும் இருப்பதால், சந்தையிலும் பேருந்திலும் தோட்டத்திலும் ஒரே நாளில் இரு மொழி எண்கள் மாறிமாறிப் புழங்குகின்றன. இவ்வாறு அருகருகே வழங்கும் இரண்டு எண்முறைகள் எவ்விடங்களில் ஒத்துப்போகின்றன, எவ்விடங்களில் கற்பவரை இடறச் செய்கின்றன, அந்த இடறலின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

சிங்கள எண்களில் சில, கற்கத் தொடங்குமுன்னரே கண்டித் தமிழரின் வாயில் ஊர்ப்பெயர்களாக வழங்கி வருகின்றன. பழைய கண்டி இராச்சியத்தின் மையப் பகுதிக்குக் 'கந்த உட பஸ் ரட்ட', அதாவது மலைமேல் ஐந்து நாடு, என்ற பெயர் இருந்தது. அப்பெயரின் முதற்சொல்லாகிய 'கந்த' என்பதே ஐரோப்பியர் வாயில் திரிந்து இன்றைய 'கண்டி'யாக நிலைத்தது. நாவலப்பிட்டியைச் சேர்ந்த பஸ்பாகே கோறளையும் (கோறளை என்பது பழைய நிருவாகப் பிரிவு), மலையகத் தமிழர் தலைமுறைகளாக வாழும் தொலொஸ்பாகேயும் சொல்லளவில் முறையே ஐந்து பங்கு, பன்னிரண்டு பங்கு என்று பிரியும். கண்டிக்கு மேற்கே கேகாலைப் பக்கம் நான்கு கோறளைகளும், வடமேற்கே குருநாகல் பக்கம் ஏழு கோறளைகளும் எண்ணாலேயே பெயர் பெற்றவை. இப்பெயர்களில் ஐந்து 'பஹ' என்ற தனிவடிவில் வராமல் 'பஸ்' என்ற அடிவடிவில் வருவதைக் கவனிக்க வேண்டும். தனித்து எண்ணும்போது ஓர் உருவம், மற்றொரு சொல்லோடு சேரும்போது வேறோர் உருவம் என்ற இந்த ஒழுங்கு, 'ஐந்து' என்பது 'ஐம்பொன்' என்றும் 'ஏழு' என்பது 'எழுநூறு' என்றும் குறுகும் தமிழுக்குப் புதியதன்று. தொலொஸ்பாகேயில் பிறந்த பிள்ளைக்குத் 'தொலஹ' என்றால் பன்னிரண்டு என்று கற்பிக்கும் ஆசிரியர் அவ்வூர்ப் பெயரிலிருந்தே தொடங்கலாம். அவ்வாறு தொடங்கும் பாடநூல் இன்னும் எழுதப்படாதது வருந்தத்தக்கது.

எண்களை எழுதும் முறையின் வரலாற்றிலும் கண்டிக்குத் தனி இடம் உண்டு. 1815 மார்ச் 2 அன்று தலதா மாளிகைக்கு அருகிலுள்ள அரசவை மண்டபத்தில், இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துக் கையெழுத்தான கண்டி ஒப்பந்தத்தின் சிங்களப் படியில், பிரிவுகளுக்கு இடப்பட்ட எண்கள் இன்று உலகெங்கும் வழங்கும் இலக்கங்கள் அல்ல. 'சிங்கள இலக்கம்' எனப்படும் பழைய குறிகளே அங்கு உள்ளன. இம்முறையில் பூச்சியம் இல்லை. ஒன்று முதல் ஒன்பது வரை ஒன்பது குறிகளும், பத்து, இருபது, முப்பது எனத் தொண்ணூறு வரை பத்தின் மடங்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒன்பது குறிகளும், நூற்றுக்கு ஒன்றும் ஆயிரத்துக்கு ஒன்றுமாக மொத்தம் இருபது குறிகள் இருந்தன. இராச்சியம் வீழ்ந்த பின் இவை வழக்கொழிந்தன. 1891இல் வெளிவந்த ஏப்ரகாம் மெண்டிஸ் குணசேகரவின் சிங்கள இலக்கணம் இவற்றை மறைந்துபோன முறையாகவே பதிவு செய்கிறது. சாதகக் குறிப்புகளில் வழங்கிய 'லித் இலக்கம்' என்னும் பூச்சியம் உள்ள வேறொரு வரிசை இன்னும் சில காலம் சோதிடரிடம் நீடித்தது. இரு வரிசைகளும் 2014இல் ஒருங்குறியில், அதாவது கணினிகளுக்கான உலகப் பொது எழுத்துக் குறியீட்டில், இடம்பெற்றன.

பழைய தமிழ் எண்முறையிலும் பூச்சியம் இல்லை. ஆனால் அது பத்து (௰), நூறு (௱), ஆயிரம் (௲) ஆகியவற்றுக்கு மட்டுமே தனிக்குறி கொண்டு, இருபதை 'இரண்டு பத்து' (௨௰) என்று பெருக்கி எழுதியதால், அதற்குப் பன்னிரண்டு குறிகள் போதுமாயின. இருபதுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள இவ்வேறுபாடு வெறும் எழுத்து வேறுபாடு என்று கொள்ளற்பாலதன்று. அது இரு மொழிகளின் சொற்களிலும் அப்படியே பதிந்துள்ளது. தமிழில் இருபது, முப்பது, நாற்பது என்பன தம் உறுப்புகளை வெளிப்படையாகக் காட்டும் சொற்கள்; இரண்டும் பத்தும் தெரிந்தவர் இருபதைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. சிங்களத்திலோ விஸ்ஸ (20), திஹ (30), ஹத்தலிஹ (40), பனஹ (50), ஹெட்ட (60), ஹெத்தேவ (70), அசூவ (80), அனூவ (90) என்ற எட்டும் வட இந்திய மொழிகளின் மூதாதையிலிருந்து தேய்ந்து வந்தவையாதலால், அவற்றின் உள்ளே இரண்டையும் மூன்றையும் காண்பது புதிதாய்க் கற்பவருக்கு அரிது. எட்டையும் எட்டுத் தனிச்சொற்களாகவே கற்க வேண்டும். இருபதுக்கு மேல் நிலைமை தலைகீழாகிறது. இந்தி பேசுவோர் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வோர் எண்ணையும் தனிச்சொல்லாக மனனம் செய்ய வேண்டியிருக்க, அதே குடும்பத்துச் சிங்களமோ 'விசி எக்க', 'விசி தெக்க' என்று, தமிழின் 'இருபத்தொன்று', 'இருபத்திரண்டு' போலவே, சீராக அடுக்கிச் செல்கிறது. திராவிட மொழிகளின் அண்மையில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு மொழி இவ்வாறு சீர்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

இனி ஒலிகளைக் கருத வேண்டும். தமிழ் எழுத்தில் சிங்கள எண்களை எழுதும்போது முதற்சிக்கல் எழுகிறது: 'எக' என்று எழுதினால் தமிழர் ககரத்தை மென்மையாக ஒலிப்பர், வல்லொலியைக் காட்ட 'எக்க' என்று இரட்டித்தால் சிங்களத்தில் இல்லாத இரட்டிப்பு வந்துவிடும். இக்கட்டுரை உட்படத் தமிழில் எழுதுவோர் இரண்டாவது வழியையே கொள்கின்றனர். எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, ஹய, ஹத்த, அட்ட, நவய, தஹய என்ற முதற்பத்தில் நான்கு, ஆறு, ஏழு ஆகிய மூன்றும் தமிழ்ச் சொற்களுக்கு முதலில் வராத ஹகரத்தில் தொடங்குகின்றன. பேச்சில் ஒன்பது 'நமய' என்றும் ஆகும். ஹத்த என்பது ஏழு, அட்ட என்பது எட்டு, அகரத்துக்கும் எகரத்துக்கும் இடைப்பட்டதும் தமிழில் எழுத்து இல்லாததுமான உயிரொலியோடு சொல்லப்படும் ஹெட்ட என்பது அறுபது. ஹகரத்தை விழுங்கிப் பேசும் நாவில் இம்மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிடும். இவற்றினும் பெரிய இடறல் பத்துக்கும் ஆயிரத்துக்கும் இடையில் உள்ளது. 'தஹயக்' என்றால் ஒரு பத்து. 'தாஹக்' என்றால் ஓர் ஆயிரம். முதலசையின் நெடிலையும் இடையே வரும் யகரத்தையும் தவறவிட்டவர் விலையில் நூறு மடங்கு தவறுவார். கண்டிச் சந்தையில் புதியவர்கள் விலையைக் கேட்ட பின்னும் தாளைக் காட்டி உறுதி செய்துகொள்வதற்கு நியாயமான காரணம் இது.

எனினும் கற்பதற்கு உண்மையில் மிகக் கடினமான எண் 'ஒன்று' என்பதே. இது கண்டிக்கு மட்டும் உரிய செய்தியன்று. கிழக்கு ஆப்பிரிக்காவின் சோமாலி மொழியில் வரிசையாக எண்ணும்போது ஒன்று 'கொவ்' எனப்படும். ஒரு பொருளின் பெயருக்கு முன் வரும்போது அது 'ஹல்' ஆகும். பொருளைச் சொல்லாமல் 'ஒன்று' என்று மட்டும் சுட்டும்போது 'மித்' ஆகும். இருபத்தொன்றைச் சோமாலியர் 'கொவ் இயோ லபாத்தன்', அதாவது ஒன்றும் இருபதும், என்று சிற்றெண்ணை முன்வைத்துச் சொல்வர். வேற்றுமொழியாளர் இதைக் கேட்டு வியப்பதற்கு முன், தமிழிலும் எண்ணும்போது 'ஒன்று', பெயருக்கு முன் 'ஒரு' அல்லது 'ஓர்', மனிதரைக் குறிக்க 'ஒருவர்' என்று ஒன்றின் உருவங்கள் பலவாதலை நினைவுகொள்வது நல்லது. தாய்மொழியில் உள்ள இத்தகைய சிக்கலை எவரும் சிக்கலாக உணர்வதில்லை.

சிங்கள 'எக்க' இவற்றினும் விரிந்த பணியை ஏற்றுள்ளது. எண்ணும்போது அது ஒன்று. ஆனால் ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களோடு சேரும்போது அது எண்ணாக இல்லாமல் பெயரைத் தாங்கும் துணைச்சொல்லாகிறது: 'பஸ் எக்க' என்றால் குறிப்பிட்ட அந்தப் பேருந்து, 'பஸ் எக்கக்' என்றால் ஏதோ ஒரு பேருந்து, பல பேருந்துகள் வெறும் 'பஸ்'. கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் பேருந்துத் தடத்தின் எண் 1 ஆதலால், அதை 'எக்கே பஸ் எக்க' என்று குறிக்கும் தொடரில் இதே சொல் இருமுறை வருகிறது. முதலாவது எண், இரண்டாவது வெறும் தாங்கி. எண்ணைப் பாடமாக மட்டும் கற்றவர் இத்தகைய பேச்சைக் கேட்டு, எதற்கெடுத்தாலும் ஒன்று ஒன்று என்கிறார்களே என்று மயங்குவது இயல்பு. அதோடு, தமிழில் 'இரண்டு புத்தகம்' என்று எண் முன்னிற்க, சிங்களத்தில் 'பொத் தெக்கக்' என்று பொருள் முன்னும் எண் பின்னுமாக நிற்கும். இறுதியில் வரும் 'அக்' என்னும் விகுதி 'ஏதேனும் இரண்டு' என்ற பொருளைத் தரும். அதை நீக்கிப் 'பொத் தெக்க' என்றால் முன்னரே பேசப்பட்ட அந்த இரண்டு புத்தகங்களைக் குறிக்கும். தமிழ் இந்த வேறுபாட்டைச் சுட்டுச்சொல்லால் காட்ட, சிங்களம் எண்ணின் வாலிலேயே காட்டுகிறது.

மனிதரை எண்ணும் முறையில் இரு மொழிகளும் மிக நெருங்கி வந்து, நெருங்கிய இடத்திலேயே பிரிகின்றன. தமிழில் 'மூன்று பேர்' அல்லது 'மூவர்' என்பதுபோல, சிங்களத்தில் 'எக்கெனெக்' (ஒருவர்), 'தென்னெக்' (இருவர்), 'துன் தெனெக்' (மூவர்) என்ற தனி வரிசை உண்டு. பிள்ளைகளைச் சுட்டி 'லமய் துனக்' என்று சொல்வது அவர்களைப் பொருள்களாக்கிவிடும். ஆனால் எல்லைக் கோடு ஒரே இடத்தில் இல்லை. தமிழ் இலக்கணம் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று பகுத்து விலங்குகளை அஃறிணையில் வைக்கிறது. சிங்களமோ உயிருள்ளவை, உயிரற்றவை என்று பகுக்கிறது. அதனால் கண்டியின் எசல பெரகரா ஊர்வலத்தில் வரும் யானைகளைச் சிங்களர் 'அலி துன் தெனெக்' என்று மனிதரை எண்ணும் சொல்லாலேயே எண்ண, தமிழர் 'மூன்று யானை' என்கின்றனர். எண்ணிக்கை ஒன்றாயினும், எண்ணப்படும் உயிரை எந்த வகுப்பில் வைப்பது என்பதில் இரு மொழிகளின் பார்வையும் வேறு.

சிங்களர் தமிழ் எண்களைக் கற்கும்போது வரும் இடர்கள் வேறு வகையின. அவர்களுக்குப் பத்தின் மடங்குகள் எளிது. ஆனால் ஒன்பது வரும் இடங்களில் ஒழுங்கு குலைகிறது. 'ஒன்பது' என்பதில் பத்தின் சாயல் இருக்கிறது. 'தொண்ணூறு' என்பதில் நூறு இருக்கிறது, ஆனால் அதன் மதிப்பு நூறு அன்று. 'தொள்ளாயிரம்' என்பதில் ஆயிரம் இருக்கிறது, மதிப்போ ஆயிரத்துக்குக் கீழ். ஒவ்வொரு படியிலும் ஒன்பதுக்குரிய சொல் அடுத்த மேற்படியின் பெயரை முன்கூட்டியே எடுத்துக்கொள்வதைத் தமிழாசிரியர் வெளிப்படையாக விளக்கினால் அரை மணி நேரத்தில் தெளிவாகும். விளக்காவிட்டால் தொண்ணூறைக் கேட்டவர் நூற்றையே எண்ணிக்கொள்வார். இதைவிடப் பெரிய சுமை எழுத்துக்கும் பேச்சுக்கும் உள்ள பிளவு. பாடநூலில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கற்றவர் கண்டிக் கடைத்தெருவில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு என்று கேட்பார். யாழ்ப்பாணத்துக்காரரிடம் பேசினால் ஒண்டு, மூண்டு என்பன வரும். கண்டியில் தமிழ் கற்கும் அரச ஊழியருக்கு முதலில் தேவைப்படுவது மலையகப் பேச்சு வடிவமே. எழுத்து வடிவத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் பேச்சு தானாக வந்துவிடும் என்று விடும் பாடத்திட்டம், மாணவரைப் பாதி வழியில் இறக்கிவிடுகிறது.

பின்னங்களில், அதாவது முழு எண்ணின் பகுதிகளைக் குறிக்கும் எண்களில், தமிழ் ஒரு காலத்தில் வியக்கத்தக்க செழுமை பெற்றிருந்தது. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மனனம் செய்த எண்சுவடி, அரை, கால், அரைக்கால் என்பதோடு நில்லாமல், பதினாறில் ஒன்றான மாகாணி, இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, முந்நூற்றிருபதில் ஒன்றான முந்திரி என்று நுணுகிச் செல்லும். கண்டிப் பகுதிச் சிங்கள உழவரின் கணக்கு வேறு வழியில் வளர்ந்தது: பத்து லாஹ ஒரு பேல, நான்கு பேல ஒரு அமுண என்ற முகத்தலளவை நெல்லை அளந்ததோடு, அத்தனை விதைநெல் விதைக்கும் நிலப்பரப்பையும் அதே சொல்லால் அளந்தது. விதைநெல்லைக் கொண்டு வயலின் பரப்பைக் கணக்கிடும் இவ்வழக்கம் யாழ்ப்பாணத்து நெற்பரப்பிலும் உண்டு. 1660இல் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஆங்கிலேயர் றொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், தாம் நெல்லைக் கடனாகக் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது வீதம் ஊதியம் பெற்றதைக் குறிப்பிடுகிறார். பள்ளிக்கூடம் எதுவுமின்றி ஓர் அயலார் இந்நாட்டு அளவைகளைக் கற்றதற்கு அது ஒரு பழைய சான்று. கொடுக்கல் வாங்கலே அவருக்கு ஆசிரியராயிற்று.

இன்று நாள்தோறும் பின்னம் பேசப்படுவது மணிக்கூட்டில்தான். தமிழில் ஆறரை, ஏழேகால், ஏழேமுக்கால் என்று கடந்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவர். சிங்களத்திலும் ஆறரைக்கு 'ஹய ஹமார', ஏழேகாலுக்கு 'ஹத்தய் கால' என்பர்; தமிழ்க் காலும் சிங்களக் 'கால'வும் ஒலியிலும் பொருளிலும் ஒத்திருப்பதால் இங்கே கற்பவருக்கு வழி எளிது. அரையில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு: தனித்து நிற்கும் பாதி 'பாகய', முழு எண்ணோடு சேரும் பாதி 'ஹமார'. ஏழேமுக்காலுக்கு வரும்போது சிங்களர் 'அட்டட்ட காலய்', அதாவது எட்டுக்கு இன்னும் கால், என்று எஞ்சிய நேரத்தைச் சொல்வதால், அவசரத்தில் கேட்கும் தமிழர் எட்டேகால் என்று கொண்டு பேருந்தைத் தவறவிடும் வாய்ப்பு உண்டு. நேரக் கணிப்பில் இரு சமூகங்களுக்கும் பொதுவான பழைய அடித்தளமும் இருக்கிறது. இருபத்துநான்கு நிமிடம் கொண்ட தமிழ் நாழிகையும், இன்று மணி என்ற பொருளில் வழங்கினும் சோதிடத்தில் அதே இருபத்துநான்கு நிமிடத்தைக் குறித்த சிங்களப் 'பெய'வும் ஓர் அலகே. சித்திரைப் புத்தாண்டின் புண்ணிய காலம் 12 மணி 48 நிமிடம் என்று அறிவிக்கப்படுவது வழக்கம், அது சரியாக முப்பத்திரண்டு நாழிகை.

பணத்தைப் பற்றிய சொற்களில் கொடுக்கல் வாங்கல் இன்னும் வெளிப்படை. சிங்களத்தில் காசுக்கு வழங்கும் 'சல்லி' தமிழ்ச் சொல். 'கடே', 'குலிய' என்பனவும் கடையும் கூலியுமே. ஆங்கில ஆட்சியின் தொடக்கத்தில் ஒரு ரிக்ஸ் டொலர் பன்னிரண்டு பணமாகவும் ஒரு பணம் நான்கு ஸ்டைவராகவும் பகுக்கப்பட்டிருந்த நாணயமுறை, 1872இல் ரூபாய்க்கு நூறு சதம் என்ற பதின்மான முறைக்கு வந்ததால், பன்னிரண்டாலும் நான்காலும் வகுத்த மனக்கணக்கு முதியோரோடு மறைந்தது. விலை கேட்கும் தொடரில் ஒரு நல்ல எளிமை உண்டு: தமிழில் எண்ணத்தக்கதற்கு 'எத்தனை', அளக்கத்தக்கதற்கும் விலைக்கும் 'எவ்வளவு' என்று இரு வினாச்சொற்கள் இருக்க, சிங்களத்தில் விலைக்கும் மணிக்கும் 'கீயத' என்ற ஒரே வினா போதும். 'ஒவ்வொன்றும் பத்து ரூபாய்' என்பதற்கு 'ருபியல் தஹய கானே' என்ற தொடர் பயன்படும். இந்தக் 'கானே' என்ற சிறுசொல்லை அறியாதவர் மொத்த விலையையும் ஒன்றின் விலையையும் பிரித்தறிய முடியாது. பெருந்தொகைகளில் வேறொரு குழப்பம் நிலவுகிறது. இலங்கையின் அரச கணக்குகளும் செய்தித்தாள்களும் மில்லியனில் பேச, மக்கள் இரு மொழியிலும் இலட்சத்தில் பேசுகின்றனர். பத்து இலட்சம் ஒரு மில்லியன் என்ற மாற்றத்தை மனத்துக்குள் செய்துகொண்டேதான் வங்கிப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

பாடசாலைகளில் ஆறாம் வகுப்பிலிருந்து சிங்கள மாணவருக்குத் தமிழும் தமிழ் மாணவருக்குச் சிங்களமும் இரண்டாம் தேசிய மொழியாகக் கற்பிக்கப்படுகின்றன. 1956இல் சிங்களம் மட்டும் என்று ஆக்கப்பட்ட ஆட்சிமொழிச் சட்டத்தின் காயங்களை நினைத்தால், 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கியதும், பின்னர் அரச ஊழியருக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி வலியுறுத்தப்பட்டதும் பெரிய முன்னேற்றங்களே. ஆயினும் எண்ணைப் பொறுத்தவரை வகுப்பறை பெரும்பாலும் பட்டியலோடு நின்றுவிடுகிறது. தமிழ் வாய்ப்பாட்டையும் அதன் சிங்கள உறவான 'சக்கரே'யையும் ஒருசேரப் பயிற்றலாம். இரு சமூகங்களிலும் வரிசைக் குழிகளில் விதைகளை எண்ணிப் போட்டு ஆடும் பல்லாங்குழியையும் ஒலிந்த விளையாட்டையும் எண்ணும் பயிற்சியாக்கலாம். விலை, நேரம், மனிதர், பங்கு என்று பயன்பாட்டின் வழியே எண்களை மீண்டும் மீண்டும் கொண்டுவரலாம். சோமாலியாவில் 1972இல் மொழிக்கு இலத்தீன் எழுத்து அதிகாரபூர்வமாக வழங்கப்பட்டு, அடுத்த இரண்டாண்டுகளில் நகரத்து மாணவரும் ஆசிரியரும் நாடோடி மந்தை மேய்ப்போரிடம் நேரில் சென்று எழுத்தறிவு புகட்டினர். கற்பிப்பவர் கற்பவரின் வேலைக்களத்துக்குச் செல்லும் அந்த முறை, கண்டியில் தேயிலைத் தோட்டங்களுக்கு மிகவும் பொருந்தும்.

தோட்டத்தில்தான் எண்ணறிவு மிகக் கனமான பொருளைப் பெறுகிறது. தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டதற்கு முன்பே, கோப்பிக் காலத்திலேயே, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரின் வாழ்வு எண்களால் ஆளப்பட்டது. அவர்களின் கடன் 'துண்டு' எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் போகையில் அவர்களுக்கு முன்னால் சென்றது. அதில் எழுதியிருந்த தொகையைப் பெரும்பாலோரால் வாசிக்க முடியவில்லை. அதே சொல் 'துண்டுவ' என்று சிங்களத்திலும் நுழைந்து சீட்டைக் குறிக்கிறது. இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தேகால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு என்று இம்மக்கள் பங்கிடப்பட்டபோது, எண்ணப்பட்டவர்களில் எவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை.

தோட்டத்து மொழியில் 'பேர்' என்ற சொல் அடைந்த மாற்றம் தனியே ஆராயத்தக்கது. தமிழெங்கும் மனிதரை எண்ண உதவும் இச்சொல், மலையகத்தில் ஒரு முழுநாள் வேலையின் அலகாகவும் ஆயிற்று. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் தொழிலாளரின் பெயர் செக்ரோலில், அதாவது வரவுப் பதிவேட்டில், பதியப்பட்டால் அது ஒரு பேர்; குறிக்கப்பட்ட அளவு கொழுந்து சேராவிட்டால் அரைப்பேர். ஒரு பெண் தொழிலாளி 'இந்த மாசம் இருவது பேர்' என்றால் இருபது மனிதரை அவள் குறிக்கவில்லை; தான் உழைத்த இருபது நாள்களைக் குறிக்கிறாள். பெயர் என்பது ஆளாகி, ஆள் என்பது நாளாகி, நாள் என்பது கூலியான இந்தச் சொல் வரலாறு எந்தச் சிங்களப் பாடநூலிலும் இல்லை. தமிழ் அகராதிகளிலும் அதற்கு உரிய இடம் இல்லை. அரைப்பேருக்கும் முழுப்பேருக்கும் உள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் உணவைத் தீர்மானிக்கும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகள் ஒலித்த பின் 2021 மார்ச்சில் நிறைவேறியது. 2024 செப்டெம்பரில் அது 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இந்தத் தொகைகள் முழுப்பேருக்கே உரியவை.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் முன்னர் இராத்தலும் இப்போது கிலோவும் வழங்குகின்றன. தராசு காட்டும் இலக்கம் இரு மொழியினருக்கும் பொதுவானது; அதை வாசிக்கப் பெரும்பாலான தொழிலாளர் இன்று அறிவர். இடறல் அதற்குப் பிறகு வருகிறது. ஈரத்துக்காகவும் சாக்கின் எடைக்காகவும் கழிக்கப்படும் கிலோக்கள் வாய்ச்சொல்லாகவே அறிவிக்கப்படும் இடங்களில், தராசில் கண்ட எண்ணுக்கும் புத்தகத்தில் விழும் எண்ணுக்கும் இடையே நிற்பது ஒரு மொழி. எழுதுபவர் சிங்களம் மட்டும் அறிந்தவராக இருந்தால், நிறுவைக்கு நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது ஒன்று முதல் நூறு வரையிலான பட்டியலன்று. 'கிலோ கீயக்த அடு கெருவே', எத்தனை கிலோ கழித்தீர்கள், என்று கேட்கும் ஒரு தொடரும், 'துனக்', 'துன ஹமாரக்' என்று வரும் விடையில் மூன்றையும் மூன்றரையையும் பிரித்துக் கேட்கும் காதும், அந்த அரைக் கிலோவை அன்றே தன் கைப்புத்தகத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கமுமே.